ஒரு பிழையுள்ள நத்தார் அட்டை

டிலக்சி என்னிடம் பத்துக் குறிப்புகள் கேட்டிருக்கிறாள். நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸ் காலத்தில் வாழ்த்து அட்டையும் தெருவில் கட்டும் பனரும் வடிவமைக்கிறவர்களுக்கான குறிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. கடையின் முகநூல் பக்கத்தில் போடப்போகிறாளாம். ஊர்காவற்றுறையில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த அச்சகத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். போன தையில் நான் ஓய்வு பெற்றபோது எனக்கொரு சுவர் மணிக்கூடு தந்தாள். மணிக்கூட்டின் முகப்பில் என் படம். படத்தைச் சுற்றிப் பச்சை இலையில் ஒரு வளையம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, அலுமாரிக்குள் முகம் குப்புற வைத்திருக்கிறேன். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

எழுத உட்கார்ந்ததும் மூன்று குறிப்புகள் உடனே வந்தன.

முதலாவது, சிவப்பை நம்பக் கூடாது. எங்கள் கடற்காற்றும் வெயிலும் பட்டால் பனரில் சிவப்பு இரண்டு கிழமைதான் நிற்கும். அதற்குப் பிறகு நத்தார் பாப்பா றோஸ் நிறச் சட்டையோடுதான் புதுவருடத்துக்குள் போவார்.

இரண்டாவது, வானத்தை வெறுமையாக விட வேண்டும். மார்கழியில் பண்ணைப் பாலத்துப் பக்கம் கட்டும் பனரை வாடைக்காற்று கிழித்துவிடும் என்று, காற்றுப் போகப் பிறை வடிவில் ஓட்டை வெட்டுவார்கள். கத்தியோடு ஏணியில் நிற்கிறவர் எங்கே வெட்டலாம் என்று யோசிப்பதில்லை. வெட்டுவதற்கென்று நாமே இடம் விடாவிட்டால் அவர் முகத்தில் வெட்டுவார். வெட்டியிருக்கிறார்.

மூன்றாவது, பனி போடக் கூடாது. கருநீல வானத்தில் வெள்ளைப் புள்ளிகளை நான் அழகாகத் தூவிக் கொடுத்த அட்டையைப் பார்த்துவிட்டு, மண்டைதீவிலிருந்து வந்த ஒருவர் "மெசினிலை தூசி பிடிச்சிட்டுதோ, தங்கச்சி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

நான்காவதில் நின்றுவிட்டேன். அது ஒரு வரியில் அடங்காது. ஆகவே டிலக்சி கேட்டதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவள் போட்டால் போடட்டும்.

நான் வேலணையில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். தட்டச்சுப் படித்தேன், யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன், சான்றிதழில் என் பெயரைப் பிழையாக அடித்துத் தந்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான். அச்சகத்தை அப்போது நடத்தியவர் டிலக்சியின் பெரியப்பா, சூசை அண்ணை. நேர்முகத்தில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீர் படம் கீறுவீரோ?"

"இல்லை அண்ணை."

"நல்லது. கீறுறவை சொல்லுக் கேக்கமாட்டினம்."

சூசை அண்ணை குரலை உயர்த்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிடிக்காத ஒன்றைப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகம் பிடிக்காவிட்டால் அதிக நேரம் துடைப்பார். பிடித்திருந்தால் "அச்சடியும்" என்பார். பாராட்டு என்பது அவ்வளவுதான். அதை எதிர்பார்த்து நாங்கள் வேலை செய்தோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவரிடம் இருந்த சட்டங்களில் ஒன்று, படத்தை இடம் வலமாகத் திருப்பக் கூடாது என்பது. யாரோ ஒருவர் முன்பு ஒரு பெரியவரின் படத்தைத் திருப்பி அச்சடித்ததில், அவருடைய பார்வையில்லாத கண் பார்வையுள்ள கண்ணாகவும் மற்றது பார்வையில்லாததாகவும் போய், மொத்த அட்டையையும் திரும்ப அடிக்க வேண்டி வந்ததாம். இன்னொரு சட்டம் என்னால் வந்தது.

என் முதல் மார்கழி. வேலணையில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, வாடிக்கையாளர்களுக்கு நத்தார் வாழ்த்துச் சொல்ல ஒரு பனர் கேட்டார். அவருடைய படமும் வர வேண்டும். நான் வெளிநாட்டு வடிவங்களை இணையத்தில் தேடினேன். எல்லாவற்றிலும் கதவில் தொங்கும் இலை வளையம் இருந்தது, மெழுகுதிரி இருந்தது. முதலாளியின் முகத்தை முட்டை வடிவில் வெட்டினேன். சுற்றிவர இலை வளையம் போட்டேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெழுகுதிரி ஏற்றினேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சூசை அண்ணை அன்று மன்னாருக்குப் போயிருந்தார்.

பனர் கட்டிய மறுநாள் காலை, மண்கும்பானிலிருந்து இரண்டு பெண்கள் வெள்ளைச் சேலையில் கடைக்கு வந்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி "என்ன வேணும்?" என்று கேட்டார். அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கிலோ சீனி வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னேரம் அனலைதீவிலிருந்து முதலாளியின் மச்சான் குடும்பத்தோடு படகில் வந்து இறங்கினார். முதலாளி உயிரோடு நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் அன்று கொந்தளிப்பாம்.

சூசை அண்ணை திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீர் செத்தவீட்டு நோட்டீசு எத்தினை பாத்திருப்பீர்?"

"கன பாத்திருக்கிறன் அண்ணை."

"அதிலை என்ன இருக்கும்?"

"முட்டை வடிவத்திலை படம். சுத்திவர மலர்வளையம். ரெண்டு பக்கமும் மெழுகுதிரி."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் போய் என் கதிரையில் இருந்து ஒரு கடிதத் தலைப்பு அடித்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொடக்கம் ஒரு நடைமுறை வந்தது. எந்த வேலையானாலும் அச்சுக்குப் போக முதல் மாதிரியில் எழுத்தெல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மறைக்க வேண்டும். அதைக் கடைக்கு முன்னால் உள்ள கம்பியில் கொழுவ வேண்டும். காலை ஒன்பது மணியளவில் மீன் விற்கிற ரீற்றா அக்கா தலையில் அகன்ற மீன் பேசினோடு அந்த வழியால் வருவார். றோட்டுக்கு அந்தப் பக்கம் அவரை நிறுத்தி, சூசை அண்ணை கேட்பார்:

"ரீற்றா, நல்லதோ கெட்டதோ?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நடப்பது ஒன்றில் கலியாணம் மாதிரி நல்ல காரியம், அல்லது செத்தவீடு மாதிரிக் கெட்ட காரியம். ரீற்றா அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரு சொல் சொல்வார். "நல்லது." அல்லது "கெட்டது." சொல்லிவிட்டு நடந்துவிடுவார். நத்தார் அட்டைக்கு "கெட்டது" வந்தால் திரும்பச் செய்ய வேண்டும். யோசித்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். "யோசிச்சால் ஆரோ சீனி வாங்கிக்கொண்டு போப்போகினம்" என்பார் சூசை அண்ணை. இந்தப் பரீட்சையில் நான் எத்தனை தரம் தோற்றேன் என்று கணக்கு வைக்கவில்லை. வெள்ளை லில்லிப்பூவுக்குத் தோற்றேன். கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்துக்குத் தோற்றேன். சிறகோடு கைகூப்பிய சம்மனசுக்கு இரண்டு தரம் தோற்றேன். ரீற்றா அக்காவை மாதிரி ஓர் ஆசிரியரை யாழ்ப்பாணத்து வகுப்பில் எனக்கு யாரும் தரவில்லை. அவருக்கோ தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாது.

இப்போது பிலோமினா அக்காவுக்கு வருகிறேன்.

கரையோரம் வீடு. புருசன் கடற்தொழில். ஒரே மகன் அமல் பிரான்சில் இருந்தான்; விசா இன்னும் சரிவரவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் புருசனும் மனைவியும் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படத்தை எங்களிடம் கொண்டுவந்து, அட்டையாக்கி மகனுக்கு அனுப்புவார்கள். படத்தில் எப்போதும் ஒரு கம்பும், அதன் உச்சியில் தகப்பன் கையால் செய்த ஐந்து மூலை நட்சத்திரக் கூடும் இருக்கும். எனக்கு அது பத்து நிமிட வேலை.

ஓர் ஐப்பசியில் புருசன் நெஞ்சு வலியில் போய்விட்டார். அமலால் வர முடியவில்லை. செத்தவீட்டைப் போனில் நேரலையாகக் காட்டினார்கள், அவன் பார்த்தானாம். அதற்குப் பிறகு அவனிடமிருந்து சத்தமில்லை. தாய் எடுத்தால் மணி அடிக்கும், தூக்கமாட்டான். கார்த்திகை கடைசியில் பிலோமினா அக்கா கறுப்புச் சட்டையோடு கடைக்கு வந்தார்.

"பிள்ளை, எனக்கொரு அட்டை வேணும்."

"அக்கா, உங்களுக்கு இந்த வருசம் நத்தார் இல்லையே?"

"ஓம். துக்கம் காக்கிறம். நட்சத்திரம் கட்டேல்லை, பலகாரமும் சுடமாட்டன். நத்தார் அட்டை அனுப்பினால் அப்பாவை மறந்து போனன் எண்டு நினைப்பான். நினைவஞ்சலி அட்டை அனுப்பினால் கவரை உடைக்கவே மாட்டான். அதுதான் உங்களிட்டை வந்தனான்."

"அப்ப என்ன அட்டை அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? அவன் போன் எடுக்க வேணும். அவ்வளவுதான்."

எங்கள் கடையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலைத்தாள் உண்டு. அளவு, தாள், நிறம், விபரம். 'விபரம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "போன் எடுக்க வேணும்" என்று எழுதினேன். சூசை அண்ணை அதை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் தொடவில்லை.

நான்கு மாதிரி செய்தேன். புருசனின் படத்தை மெல்லிய நிறத்தில் வானத்தில் வைத்தேன். "கெட்டது" என்றார் ரீற்றா அக்கா. பாலன் குடிலை வைத்தேன். "நல்லது." வெறும் கடல் வைத்தேன். "நல்லது." அதே கடலைச் சாம்பல் நிறமாக்கினேன். "கெட்டது." நான் சோர்ந்துபோனேன். இருபது வயதுப் பிள்ளை ஒன்று எங்கேயோ ஓர் அறையில் போனைப் பார்த்துக்கொண்டு தூக்காமல் இருக்கிறது என்ற நினைப்பு எனக்குச் சாப்பாட்டைக் கெடுத்தது.

பிறகு சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போனேன். பிலோமினா அக்கா சந்தைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் போவார். முற்றத்தில் ஒருவருமில்லை. இடப்பக்கம் திறந்த கதவு. நடுவில் அந்தக் கம்பு, உச்சியில் ஒன்றுமில்லை. வலப்பக்கம் கிணறு. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அட்டையில் வைத்துப் பார்த்தால் கதவு மடிப்பின் ஓரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. அட்டையைத் திறக்கிற கை வலப்பக்கம் இருக்கும். கதவும் அந்தப் பக்கம் இருந்தால் அவனே கதவைத் திறந்த மாதிரி இருக்கும். சூசை அண்ணையின் சட்டம் நினைவுக்கு வந்தது. அண்ணை அந்த நேரம் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். கதவு வலப்பக்கம் வந்தது. உள்ளே "வீட்டிலிருந்து, அம்மா" என்று மட்டும் எழுதினேன். வாழ்த்து என்ற சொல்லே இல்லை.

மறுநாள் எழுத்தை மறைத்துக் கம்பியில் கொழுவினோம். ரீற்றா அக்கா பார்த்தார். பேசினைத் தலையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தார். அதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஆர் வரப்போகினம்?" என்று கேட்டார்.

"நான் கேட்டது நல்லதோ கெட்டதோ எண்டு" என்றார் சூசை அண்ணை.

"அது வாற ஆளைப் பொறுத்தது."

யோசித்தால் திரும்பச் செய்ய வேண்டும் என்பது சட்டம். நான் மாதிரியைக் கழற்றப் போனேன். "அச்சடியும்" என்றார் சூசை அண்ணை. ஒரே ஒரு பிரதி அடித்தோம்.

நத்தார் முடிந்து மூன்றாம் நாள் பிலோமினா அக்கா வந்தார். கண் வீங்கியிருந்தது. 

"எடுத்தவன்" என்றார்.

"என்ன சொன்னவர் அக்கா?"

"கிணறு எண்டான். வேறொண்டுமில்லை. சுகமோ எண்டும் கேக்கேல்லை. 'அம்மா, கிணறு ஏன் இடப்பக்கம் கிடக்கு? வீட்டை வித்துப்போட்டு எனக்குச் சொல்லாமல் வேறை வீட்டிலையோ இருக்கிறியள்?' எண்டு கத்தினான். 'இல்லையடா, கிணறு இருந்த இடத்திலைதான் இருக்கு' எண்டன். 'அப்ப நட்சத்திரம் எங்கை?' எண்டான். 'கட்டுற ஆள் இல்லையே ராசா' எண்டன். பேந்து ரெண்டு பேரும் அழுதம். ஒண்டரை மணித்தியாலம்."

அவர் போன பிறகு நான் சூசை அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டம்.

"படத்தை நீர் திருப்பினனீரோ?"

"ஓம் அண்ணை."

"பிழை."

"ஓம் அண்ணை."

"பொடியன் போன் எடுத்தவனோ?"

"எடுத்தவர்."

கனநேரம் துடைத்தார். "இனித் திருப்பாதேயும்" என்றார்.

அடுத்த வருடம் கார்த்திகையில் பிலோமினா அக்கா திரும்பவும் வந்தார். இப்போது துக்கம் முடிந்துவிட்டது. சாதாரண நத்தார் அட்டை. தான் தனியே முற்றத்தில் நிற்கிற படம்.

"போன முறை மாதிரி ஒரு பிழை விட்டுத் தாங்கோ" என்றார்.

"ஏன் அக்கா? அவர் இப்ப போன் எடுக்கிறவர்தானே?"

"எடுக்கிறவன். 'சாப்பிட்டீங்களோ? மழையோ? வைக்கிறன்.' ரெண்டு நிமிசம். பிழை பிடிக்கேக்கைதான் அவன் வீட்டுக்குள்ளை வந்து நிண்டு கதைக்கிறான்."

சூசை அண்ணை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கடை கடையிலை பிழை செய்து குடுக்கிறேல்லை" என்றார். பிலோமினா அக்கா அசையவில்லை. கடைசியில் சூசை அண்ணையே வேலைத்தாளை வாங்கி, தன் கையெழுத்தில் எழுதினார்: "பிழை: ஒன்று. வாடிக்கையாளர் கேட்டது. திருத்த வேண்டாம்."

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு பிழை. ஒரு வருடம் நட்சத்திரத்துக்கு ஆறு மூலை வைத்தேன். ஒரு வருடம் முற்றத்து வாசலில் இருந்த பச்சைப் படலையை நீலமாக்கினேன். ஒரு வருடம் முருங்கை மரத்தை அழித்தேன். அதற்கு அவன் ஒரு மணித்தியாலம் பேசினானாம், புயலோ என்று கேட்டானாம். கபில நிற ஆட்டை வெள்ளையாக்கிய வருடம், "அம்மா, ஆடு மாத்தினீங்கள் எண்டு பொய் சொல்லாதேங்கோ, காதிலை அதே வெட்டு இருக்கு" என்றானாம். நான் இருபத்திரண்டு வருடத்தில் செய்த வேலைகளில் வேறெதையும் இவ்வளவு கவனமாக யாரும் பார்த்தது இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அது வேலைத்தாளில் இல்லை. ஒவ்வொரு வருடமும் மாதிரி பார்க்கும்போது பிலோமினா அக்கா மெதுவாகச் சொல்வார்: "பிள்ளை, முகத்தை மட்டும் கொஞ்சம் பாருங்கோ. நான் வாடிப்போனன் எண்டு நினைச்சு அவன் அங்கை கிடந்து கவலைப்படுவான்." நெற்றிச் சுருக்கத்தை அழிப்பேன். கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை எடுப்பேன். கன்னத்தை நிரப்புவேன். எல்லா வாடிக்கையாளரும் கேட்பதுதான். அது பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகன் முகம் தெரியும்படி பேச ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தான். அதைத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, "இஞ்சை நெற்வேர்க் இல்லை" என்று பழைய பட்டன் போனிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

போன மார்கழிதான் என் கடைசிச் சீசன். சூசை அண்ணை முழங்கால் வருத்தத்தோடு வீட்டில் இருந்தார். டிலக்சி பொறுப்பில் இருந்தாள். ஒருநாள் காலை, தாடி வைத்த ஒருவர் வந்து கவுண்டரில் ஒரு பொலித்தீன் பையை வைத்தார்.

"நீங்கள்தானே வசந்தி அக்கா? நான் அமல்."

பிரான்சுக் குடியுரிமை கிடைத்து, தாய்க்கும் சொல்லாமல் வந்திருந்தார். பைக்குள் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினார். கிணறு. நட்சத்திரம். படலை. முருங்கை. ஆடு. இன்னும் நான்கு. ஒவ்வொன்றிலும் விரலை வைத்தார்.

"இது பிடிச்சனான். இதும் பிடிச்சனான். இது லேசு, மூண்டு நிமிசம். எல்லாம் பிடிச்சனான், அக்கா."

பிறகு கடைசி அட்டையில் தாயின் முகத்தில் விரலை வைத்தார்.

"இதைப் பிடிக்கேல்லை. நேற்றுப் படலையைத் திறந்துகொண்டு போறன், முத்தத்திலை ஒரு கிழவி நிக்குது. அம்மா எங்கை எண்டு அவவிட்டையே கேட்டுப்போட்டன்."

அம்மாதான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அழுகை வந்தது. அவரும் குறையாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அன்று காலை முற்றத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். தாயும் மகனும் கிணற்றடியில்.

"இதை அட்டையாக்கித் தாங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ."

"ஆருக்கு அனுப்ப?"

"எனக்குத்தான். தையிலை திரும்பப் போயிடுவன்."

வேலைத்தாளில் "பிழை: இல்லை" என்று எழுதினேன். ரீற்றா அக்கா இப்போது மீன் கொண்டுவருவதில்லை. மாதிரியை நான் கம்பியில் கொழுவவில்லை. பின்னேரம் பிலோமினா அக்கா கையெழுத்து வைக்க வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"முகத்திலை நீங்கள் கை வைக்கேல்லைப் போலை."

"இல்லை அக்கா. அவர் வேண்டாம் எண்டவர்."

"அவன் இதைப் பாத்துப்போட்டானோ?"

"பாத்துப்போட்டார்."

"அப்ப சரி" என்று சொல்லிப் பேனையை வாங்கினார்.